ஒரு செயலி, பல கொள்கலன்கள்: ‘பகிர்வு’ என்னும் சொல்லைப் பற்றி



இச்சொற்பொழிவு வரிசையில் நம்மிடம் எதிர்பார்க்கப்பட்டது சொல்லாராய்ச்சி. அதனையே செய்யவிருக்கிறோம். ஆனால் இன்று ஆராயவிருக்கும் சொல் நமக்கு நூலகத்தில் கிடைத்ததன்று. ஒரு சனிக்கிழமை மாலை பாதியில் நின்றுபோன கணினிப் பணி ஒன்றிலிருந்து கிடைத்தது.

பணி ஓய்வுக்குப் பின்னர், தமிழ்ப் பேச்சொலியை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்க முயலும் சிறு குழுவுக்கு மொழியியல் துணையாக இருந்து வருகிறோம். நிரலாளர் இருவர், முதுகலை மாணவி ஒருவர், நாம். இவ்வளவே குழு. தமிழகப் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருள், மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஊடே வரும் நம்மூர்ப் பேச்சில் தடுமாறுகிறது. அதனை நம் பேச்சுக்குப் பழக்குவதே நோக்கம். அதற்கு வரைகலைச் செயலி வேண்டும். சொந்தமாக வாங்க வசதியில்லை. பலருக்கும் பொதுவான கணினி நடுவம் ஒன்றில் எங்களுக்கு ‘ஒரு பங்கு’ தந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு பயிற்சியைத் தொடங்கினோம். பத்தொன்பதாம் மணியில் அது நின்றது. கடைசியாகச் சேமித்த நிலைக்குப் பின் நடந்த பதினொரு மணி நேர வேலை போயிற்று. நினைவகம் போதவில்லை என்பதே கணினி விட்டுச் சென்ற ஒற்றை வரிச் செய்தி.

மாணவி மிகவும் வருந்தினார். தம் நிரலில் பிழை என்றே எண்ணினார். பிழை நிரலில் இல்லை என்று தெரிய இரண்டு நாளாயிற்று. அது ‘பங்கு’ என்னும் சொல்லில் இருந்தது.

எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு முன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும்.

முதற்சொல் கொள்கலன். சிங்கப்பூரில் இச்சொல்லை விளக்கத் தேவையில்லை. 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் நிஹோன் என்னும் கப்பல் தஞ்சோங் பகார் முனையத்துக்கு வந்தது முதல் அது நம் அன்றாடச் சொல். மென்பொருளார் தம் பொருளுக்கு இப்பெயரைத் துறைமுகத்திலிருந்தே எடுத்தனர். 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவியின் பெயரும் துறைமுகத் தொழிலாளியைக் குறிப்பது. 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் என்பதோ கப்பலைச் செலுத்துவோனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் பழைய ‘மீகாமன்’ அதற்கு நேரானது. பல நூறு கொள்கலன்களை எந்தக் கணினியில் ஏற்றுவது, எதை இறக்குவது என்று தீர்மானிக்கும் மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

இருப்பினும் உவமை ஓரிடத்தில் வழுக்குகிறது. துறைமுகத்துக் கொள்கலன் இரும்புச் சுவர் உடையது. மென்பொருட் கொள்கலனுக்குச் சுவர் இல்லை. ஒரே கணினியில், ஒரே இயங்குதளக் கருவின்மேல் எல்லாக் கொள்கலன்களும் ஓடுகின்றன. ஒன்றன் கோப்புகளும் செயல்களும் மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியாதபடி கரு மறைக்கிறது; இது ஒரு பாதி. மையச் செயலியின் நேரத்திலும் கணினியின் நினைவகத்திலும் ஒவ்வொன்றும் இவ்வளவுக்குமேல் எடுக்கலாகாது என்று கரு அளவு வைக்கிறது, இது மறுபாதி. இந்த அளவுக் கட்டுப்பாட்டை 2006இல் கூகுள் பொறியாளர்கள் லினக்ஸுக்காக எழுதத் தொடங்கியபோது ‘செயற்கொள்கலன்’ என்னும் பொருள்படவே பெயரிட்டனர். அச்சொல் ஏற்கெனவே பல பொருளில் வழங்கிக் குழப்பம் தருகிறது என்று 2007இல் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என மாற்றினர். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் பதிப்பில் அது இடம்பெற்றது. கலைச்சொற் குழப்பம் தமிழுக்கு மட்டுமே உரிய நோய் என்று வருந்துவோர்க்கு இச்செய்தி சற்று ஆறுதல் தரலாம்.

இரண்டாம் சொல் வரைகலைச் செயலி. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்று தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், எள்ளை எவரும் தேடுவதில்லை. அதுபோன்றதே இப்பெயரும். விளையாட்டுகளின் படங்களைத் திரையில் விரைவாக வரைவதற்கென்று எழுந்த சில்லு இது. ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் செய்யவல்லது. அத்திறனைப் படத்துக்கு மட்டுமன்றி எல்லாக் கணக்குக்கும் திறந்துவிட்ட கூடா என்னும் மென்பொருளை என்விடியா நிறுவனம் 2007இல் வெளியிட்டது. இன்று மொழிமாதிரிகளைப் பயிற்றுவிக்கும் ஏ100 போன்ற செயலிகளில் திரையை இணைக்கும் துளையே கிடையாது. பெயரில் மட்டும் வரைகலை தங்கிவிட்டது.

இச்செயலிக்குத் தனக்கென ஒரு நினைவகம் உண்டு. நாம் சொல்லவந்த செய்திக்கு இதுவே திறவுகோல். கொள்கலனுக்கு அளவு வைக்கும் இயங்குதளக் கரு கணினியின் நினைவகத்தைத்தான் எண்ணுகிறது. வரைகலைச் செயலியின் நினைவகமோ அதனைச் செய்த நிறுவனத்தின் இயக்கி மென்பொருளின் பொறுப்பில் உள்ளது. ஆகவே, கொள்கலனுக்கு எத்தனை கட்டுப்பாடு விதித்திருந்தாலும், செயலியைத் தொடும் வாயில் திறந்துவிடப்பட்ட பின் அதனுள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கரு கேட்பதில்லை.

இதனால்தான் குபர்நெட்டிஸ் தொடக்கத்திலிருந்தே வரைகலைச் செயலியை முழு எண்ணாக மட்டும் வழங்கியது. ஒன்று கேட்கலாம், இரண்டு கேட்கலாம்; அரை கேட்க முடியாது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்த மொழியில் நின்று பார்க்கும்போது இது வறுமையாகத் தோன்றும். ஆனால் நேர்மையான வறுமை. காக்க முடியாத எல்லையை அது வாக்களிக்கவில்லை.

ஒரு கொள்கலனுக்கு ஒரு முழுச் செயலி என்றால் பெரும் விரயம். மாணவர் ஒருவர் பயிற்சிக்குறிப்பேட்டைத் திறந்துவைத்து உணவுண்ணச் சென்றால், விலையுயர்ந்த செயலி வெறுமனே நிற்கும். வரிசையில் பத்துப் பேர் காத்திருப்பர். எனவே பகிர்ந்தாக வேண்டும். இங்கேதான் நம் சொல் வருகிறது.

பகு என்னும் வேரோடு பகிர், பகுதி, பாதி, பாத்தி, பால் முதலிய சொற்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பது வழக்கம். இவற்றின் அடிப்படைப் பொருள் பிளத்தல், பிரித்தல். ஒருவர்க்குப் பகிர்ந்து கொடுத்தால் மற்றவரிடம் குறையும். கைப்பேசி வந்தபின் இச்சொல் வேறு பொருளும் பெற்றுவிட்டது. ஒரு படத்தைப் பகிர்ந்தேன் என்று மாணவர் சொன்னால், படம் அவரிடமும் இருக்கிறது, பெற்ற நூறு பேரிடமும் இருக்கிறது. எவருக்கும் குறையவில்லை. பிரித்தலைக் குறித்த சொல் பெருக்கலைக் குறிக்க வந்துவிட்டது. இதனைப் பிழை என்று சொல்லமாட்டோம். மொழி அப்படித்தான் நடக்கும். ஆனால் இருபது வயது மாணவி ‘செயலிப் பகிர்வு’ என்று கேட்கும்போது எந்தப் பொருள் அவர் மனத்தில் எழுகிறது? குறையாப் பகிர்வு. அறுபதைக் கடந்த நமக்கோ ‘ஒரு பங்கு’ என்றதும் எல்லை குறித்த நிலத்துண்டு தோன்றியது. நடுவத்தில் நடந்தது இரண்டுமில்லை.

அங்கே கையாண்டது நேரக்கூறு முறை. பொறுப்பாளர் அமைப்புக் கோப்பில் 4 என்னும் எண்ணை எழுதுகிறார், அவ்வளவே. ஒரு செயலி நான்கு செயலிகளாக அறிவிக்கப்படுகிறது. நான்கு கொள்கலன்கள் அதன்மேல் ஏறுகின்றன. செயலி ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரம் உழைக்கிறது. தமிழகத்து ஆற்றுப் பாசனத்தில் ‘முறை வைத்துத் தண்ணீர் விடுதல்’ என்பார்களே, அதே முறை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முறைப்பாசனத்தில் தண்ணீர்தான் முறைப்படி வரும்; வயல் அவரவர்க்குத் தனி. இங்கோ வயலும் பொது. தன் முறை முடிந்த கொள்கலன் செயலியின் நினைவகத்தில் பரப்பிவைத்த தரவுகளை எடுத்துக்கொண்டு வெளியேறுவதில்லை. நால்வரின் தரவும் எந்நேரமும் அங்கேயே கிடக்கும். யார் எவ்வளவு பரப்பலாம் என்பதற்கு வரப்பு இல்லை. இரண்டு பங்கு கேட்டு வாங்கினாலும் இரு மடங்கு உழைப்பு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை இப்போது விளக்கலாம். செயலியின் நினைவகம் 40 ஜிகாபைட். எங்கள் பயிற்சி 22 எடுத்திருந்தது. மாலையில் வேறொரு மாணவர் தம் குறிப்பேட்டைத் திறந்து டென்சர்ஃப்ளோ என்னும் நிரலகத்தை ஏற்றினார். வேறு கட்டளை இடாவிட்டால், தொடங்கியவுடனே, வேலை சிறிதோ பெரிதோ, கண்ணில்பட்ட நினைவகத்தில் பெரும்பகுதியை வளைத்துப் போட்டுக்கொள்வது அதன் இயல்பு. எஞ்சியதெல்லாம் போயிற்று. சற்று நேரத்தில் எங்கள் நிரல் நீண்ட ஒலித்துண்டுகளைச் சோதிக்கும் கட்டத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் இடம் கேட்டது. இல்லை என்றதும் நின்றது.

அம்மாணவர்மீது எங்களுக்கு முதலில் சினம் எழுந்ததை மறைக்கமாட்டோம். பிறகு கணக்குப் பார்த்தோம். நான்கில் ஒரு பங்கு என்றால் 10 ஜிகாபைட். நாங்கள் எடுத்தது 22. எவரும் தடுக்காததால் நாங்களே அதைக் கவனிக்கவில்லை. நமக்கு முன்னரோ பின்னரோ எவருடைய பணியேனும் எங்களால் நின்றிருக்கலாம். அவர் யாரென்று அறிய வழியில்லை. உண்மையில் அங்கு எவருக்கும் பங்கு என்பதே இல்லை. 4 என்பது அறைக்குள் விடும் ஆட்களின் எண்ணிக்கை. அறையைப் பிரித்த கணக்கன்று.

வேறு வழிகள் உண்டா என்றால், இரண்டு உண்டு. ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல நிரல்களின் வேலையையும் ஓர் இடைநிலைச் சேவை ஒன்றுதிரட்டிச் செயலிக்கு அனுப்புவது. முறை வைக்காமல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொருவர்க்கும் கணிப்புத் திறனில் இத்தனை விழுக்காடு என்று வரம்பும் வைக்கலாம். இதனைக் கூட்டு என்று சொல்வோம். ஒரே அடுக்களையில் பலர் சமைப்பது போன்றது. சிறு சிறு வேலைகளுக்குச் செயலியை நன்கு நிரப்பும். ஆனால் ஒருவரின் நிரல் கடும் பிழையால் விழுந்தால் உடனிருப்போர் பணியும் விழக்கூடும். ஒரே குழுவினர், ஒருவரை ஒருவர் அறிந்தவர், தமக்குள் வைத்துக்கொள்ளத் தகும். அறியாதவர்களைக் கூட்டில் இருத்துவது நன்றன்று.

மற்றொன்று, 2020இல் ஏ100 செயலியோடு வந்தது. இதில் பிரிவினை மென்பொருளின் நல்லெண்ணத்தை நம்பி இல்லை, சில்லிலேயே உள்ளது. ஒரு செயலியை ஏழு வரை பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் கணிப்பு அலகுகள் தனி, நினைவகம் தனி, நினைவகத்துக்குச் செல்லும் வழியும் தனி. ஒரு பிரிவில் எவர் எவ்வளவு வளைத்தாலும் அடுத்த பிரிவுக்குத் தெரியாது. இதற்குப் பொருந்தும் சொல் நம் தோட்டத்திலேயே இருக்கிறது: பாத்தி கட்டுதல். பகு என்னும் வேர் இங்கே தன் பழம்பொருளில் நிற்கிறது.

பாத்தி கட்டியவர்க்கு ஓர் உண்மை தெரியும். வரப்புக்கும் நிலம் போகும். 40 ஜிகாபைட் ஏ100இல் கணிப்புக் கூடங்கள் 108. ஏழு பாத்தி கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 14 வரும்; ஆக 98. மீதிப் பத்து எவருக்கும் இல்லை. நினைவகமும் பாத்திக்கு 5 ஜிகாபைட் என்று 35தான் கணக்கில் வரும். பாத்தியின் அளவையும் விரும்பியபடி வைக்க முடியாது. குறித்த சில அளவுகளே உண்டு. கட்டிய பாத்தியை மாற்ற வேண்டுமானால் அதில் ஓடும் வேலையை முதலில் நிறுத்த வேண்டும்.

எங்கள் நிலைமையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது 22. செயலியை இரண்டாகப் பிரித்தாலும் பாத்திக்கு 20. இரண்டு ஜிகாபைட்டுக்காக ஒரு முழுச் செயலி கேட்பதா? ஒரே தடவையில் செயலிக்குக் கொடுக்கும் ஒலித்துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து 20க்குள் அடக்கினோம். பயிற்சி முன்னைவிட மெதுவாக நடந்தது. ஆனால் நடந்து முடிந்தது. நடுவத்தினரும் பேச்சுக்குச் செவிசாய்த்தனர். ஒரு செயலியில் 20 ஜிகாபைட்டில் ஒரு பெரும்பாத்தி, 5 ஜிகாபைட்டில் நான்கு சிறு பாத்திகள் என அமைத்தனர். குறிப்பேடு திறப்போர் சிறு பாத்திக்குச் சென்றனர். டென்சர்ஃப்ளோ இப்போதும் கண்ணில்பட்டதை வளைக்கிறது. அதன் கண்ணுக்குத் தெரிவது 5 மட்டுமே.

ஆசிரியர்கள் சிலர் கேட்கலாம்: அப்படியானால் எங்கும் பாத்தியே கட்டிவிடலாமே என்று. நாம் அவ்வாறு கருதவில்லை. முப்பது மாணவர் ஒரே மணி நேரத்தில் சிறு பயிற்சி ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வகுப்புக்கு முறை வைப்பதே ஏற்றது. எவர்க்கும் சில நூறு மெகாபைட்டுக்கு மேல் வேண்டியிராது. ஒருவர் பணி நின்றாலும் மறுபடி தொடங்க ஒரு நிமிடம். முப்பது பாத்தி கட்ட நான்கைந்து செயலிகள் வேண்டும், பெரும்பாலும் அவை வெறுமனே கிடக்கும். ஆனால் அவ்வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இது முறை, உங்களுக்கென்று எல்லை இல்லை, நினைவகத்தை வேண்டிய அளவே எடுக்குமாறு நிரலுக்குக் கட்டளை இடுங்கள் என்று. டென்சர்ஃப்ளோவுக்கு அக்கட்டளை ஒரு வரிதான். மணிக்கணக்கில், நாட்கணக்கில் ஓடும் பயிற்சியை முறை வைத்த செயலியில் ஏற்றுவதுதான் தவறு. அத்தவற்றைச் செய்தவர்கள் நாங்கள்.

பாத்தியும் வரிசையின் துயரைத் தீர்க்காது. இரவில் நான்கு சிறு பாத்திகளும் உழைப்பின்றிக் கிடக்கின்றன. திறந்தபடி விட்டுச்சென்ற குறிப்பேடுகள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. ஒதுக்கீட்டு ஏட்டில் அவை ‘பயன்பாட்டில்’ என்றே இருக்கும். ஒதுக்கியதும் உழைப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் தனித்தனியே அளக்காத நடுவம் செயலி போதவில்லை என்று மேலும் வாங்கிக்கொண்டே இருக்கும். பெரிய கணினி நடுவங்களில் நெடுநாளாக வழங்கும் ஸ்லர்ம் என்னும் மென்பொருள், அண்மையில் மிகுதியாகப் பயன்படுத்தியவர் வரிசையில் பின்னே செல்லுமாறும், நாளாக நாளாக அப்பழைய கணக்கு தேயுமாறும் செய்யவல்லது. கொள்கலன் உலகிலும் ஒரு குழுவின் ஒதுக்கீடு சும்மா இருக்கையில் மற்றொரு குழு கடன் பெற்று, உரியவர் கேட்டதும் திருப்பித் தரும் ஏற்பாடுகள் வந்துள்ளன. திருப்பித் தருவது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் பணியை நடுவில் நிறுத்துவது. ஆதலால் கடனில் ஓடுவோர் தம் நிலையை அடிக்கடி சேமிக்க வேண்டும். நாங்கள் இப்போது அரை மணிக்கொருமுறை சேமிக்கிறோம். முன்பே அப்படிச் செய்திருந்தால் அச்சனிக்கிழமை பதினொரு மணி நேரம் போயிராது, இச்சொற்பொழிவும் இருந்திராது.

இதில் மொழிக்கென்ன என்று இன்னும் ஐயுறுவோர் இருக்கலாம். பெருமொழிகளுக்கு மாதிரி செய்வோரிடம் ஆயிரக்கணக்கில் செயலிகள் உள்ளன. அவர்களுக்கு ஒரு செயலியைப் பகுக்கும் கவலை பெரிதன்று. சிங்கப்பூரில் உருவான சீ-லயன் மொழிமாதிரியில் தமிழும் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரு வட்டாரப் பேச்சு, ஒரு பள்ளியின் கட்டுரைத் தொகுதி, ஒரு முதியவரின் ஒலிப்பதிவு போன்றவற்றை எடுத்துக்கொண்டு உழைப்போர், செயலியில் ஏழில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ வைத்துக்கொண்டுதான் உழைக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதியின் தன்மை தெரிந்தாக வேண்டும். ‘பகிர்வு’ என்னும் ஒற்றைச் சொல் அதைச் சொல்லாது. முறையா, கூட்டா, பாத்தியா என்று கேட்கப் பழக்கினால் மாணவர் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பர்: முறை என்றால் நினைவகத்துக்கு எல்லை உண்டா, கூட்டு என்றால் உடன் இருப்பவர் யார், பாத்தி என்றால் என் வேலை அதில் அடங்குமா.

ஒன்று மீதி இருக்கிறது. குபர்நெட்டிஸில் 2025 ஆகஸ்ட் பதிப்பில் நிலைபெற்ற புதிய ஒதுக்கீட்டு ஏற்பாட்டில், செயலியை எண்ணால் கேட்பது மட்டுமன்றி இயல்பால் கேட்கவும் முடிகிறது: இவ்வளவு நினைவகம் உள்ளது வேண்டும், இன்ன வகை வேண்டும், இந்த இரண்டு கொள்கலன்களும் ஒன்றையே பயன்படுத்தட்டும் என்று. அப்படிக் கேட்டு எழுதும் பதிவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், வேண்டுதலையும் உரிமையையும் ஒருசேரக் குறிப்பது. எங்கள் நிரலாளர் ‘கேட்பு’ என்கிறார். மாணவி ‘உரிமைகோரல்’ என்கிறார். நமக்குக் ‘கேட்பு’ பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டது கிடைத்தபின்னும் அப்பதிவு அதே பெயரோடு நிற்கிறது, அப்போது ‘கேட்பு’ பொருந்துமா என்று மாணவி மடக்குகிறார். அவர் வினாவுக்கு நம்மிடம் இன்னும் விடையில்லை. வினா நேரத்தில் ஆசிரியர்கள் தம் கருத்தைச் சொன்னால் குறித்துக்கொள்வோம்.